எட் வுட்டின் மலிவு நாவல்களும் சுவரொட்டிகளும்: மலைநாட்டு ஈரத்தில் எப்படிக் காப்பது, எதை அசல் என்று நம்புவது?

மூடுபனி வாசகன், ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் எட் வுட் எழுதிய மலிவு விலை நாவல்களையும், அவருடைய படங்களுக்காக அச்சிடப்பட்ட விளம்பரத் தாள்களையும் 9 ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். இந்த மழைக்காலத்தில் அந்தச் சேகரிப்புக்கு நேர்ந்ததைப் பார்த்த பின்பு, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்காமல் இனி ஒரு சதமும் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1924இல் நியூயோர்க் மாநிலத்தின் பொகிப்சி என்ற ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் பணியாற்றியவர். 1953 முதல் 1960 வரையான ஆண்டுகளில், கையில் கிடைத்த சொற்பப் பணத்தை வைத்துக்கொண்டு, சில நாட்களிலேயே படப்பிடிப்பை முடித்துப் பேய்ப் படங்களும் குற்றப் படங்களும் எடுத்தவர். படம் எடுக்கும் வழி அடைபட்டதும், வயது வந்தோருக்கான மலிவு நாவல்களையும் சிறுகதைகளையும் இரவு பகலாகத் தட்டச்சு செய்து பிழைத்தார். 1978 டிசம்பரில், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாட்களிலேயே, 54ஆவது வயதில் மாரடைப்பால் இறந்தார். 1980இல் வெளிவந்த ஒரு நூல் அவருக்கு எல்லாக் காலத்துக்கும் மிக மோசமான இயக்குநர் என்ற பட்டத்தைச் சூட்டியது. அதன் பிறகுதான் உலகம் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கியது. 1994இல் டிம் பேர்ட்டன் அவருடைய வாழ்க்கையைப் படமாக்கினார். அதில் எட் வுட்டின் நண்பரும் பழைய பேய்ப் பட நடிகருமான பேலா லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோவுக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

நான் உயர்தர வகுப்பில் படித்தபோது, ஹட்டன் நகரத்துச் சீடி கடை ஒன்றில் வாடகைக்கு எடுத்து அந்தப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தைப் பார்த்தேன். லுகோசி 1956 ஓகஸ்ட் மாதத்தில் இறந்துவிட, அவரை வைத்து எடுத்திருந்த சில நிமிட ஊமைக் காட்சிகள் மட்டுமே எட் வுட்டின் கையில் மிஞ்சின. மிச்சக் காட்சிகளில் தன் மனைவிக்கு முதுகெலும்புச் சிகிச்சை செய்த ஒருவரை நிறுத்தி, கறுப்பு மேலங்கியால் முகத்தை மறைக்கச் சொல்லி, அந்தத் துண்டுக் காட்சிகளைச் சுற்றி ஒரு முழுப் படத்தையே கட்டி எழுப்பினார். இறந்துபோன நண்பரின் கடைசி அசைவுகளை வீசியெறிய மனம் வராத அந்த மனிதர் மீது எனக்கு அன்றைக்குப் பிறந்த அன்பு இன்றுவரை குறையவில்லை.

என்னிடம் இப்போது 11 நூல்கள் இருக்கின்றன. அவற்றில் 1966இல் வந்த ‘ஓர்ஜி ஒஃப் த டெட்’, 1967இல் வந்த ‘டெவில் கேர்ள்ஸ்’ ஆகிய இரண்டு மட்டுமே அந்தக் காலத்துப் பதிப்புகள். மற்றவை 1990களிலும் அதற்குப் பின்பும் வந்த மறுபதிப்புகள். ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா அவற்றைச் சிறிது சிறிதாக வாங்கிக் கடல்வழிப் பொதிகளில் அனுப்பினார். இவற்றோடு திரையரங்கு முகப்பில் வைக்கப்படும் காட்சி அட்டைகள் இரண்டும், ‘பிளான் 9’ படத்தின் பெரிய சுவரொட்டி ஒன்றும் உள்ளன.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அலுமாரியைத் திறந்தபோது பூஞ்சண வாடை முகத்தில் அடித்தது. ‘டெவில் கேர்ள்ஸ்’ நூலின் முதுகில் சாம்பல் நிறப் புள்ளிகள். உள்ளே பக்கங்களின் ஓரம் ஈர மண்ணைப் போலக் கறுத்திருந்தது. ஒவ்வொரு நூலையும் பொலித்தீன் பையில் இட்டு வாயை இறுக ஒட்டித்தான் வைத்திருந்தேன். அப்படியிருந்தும் இது எப்படி நடந்தது என்று விளங்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களில் உங்கள் யோசனை தேவை. அந்தச் சுவரொட்டியை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து 1959ஆம் ஆண்டின் அசல் என்று நம்பி, என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். இப்போது அதில் சந்தேகம் வந்திருக்கிறது. அடுத்து, புனைபெயரில் 1970இல் வந்த ஒரு நாவலை எட் வுட்டின் எழுத்து என்று சொல்லி ஒருவர் விற்க முன்வந்திருக்கிறார். விலை மிக அதிகம். அது அவர் எழுதியதுதான் என்று எதைக் கொண்டு தீர்மானிப்பது?

ஈரக்குமிழ், தலவாக்கலை

வணக்கம் ஆசிரியரே. நான் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். எட் வுட்டின் படங்களில் இரண்டைத்தான் பார்த்திருக்கிறேன்; ஆனால் ஈரத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் அந்த ஒரு விஷயத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் நூல்களைக் கெடுத்தது நீங்கள் ஒட்டி மூடிய பொலித்தீன் பைதான். காகிதம் எப்போதும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைக் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். வைகாசி, ஆனி மாதங்களின் தென்மேற்குப் பருவ மழையில் நீங்கள் ஒரு நூலைப் பையில் இட்டு மூடினால், அந்த மழையையும் சேர்த்தே உள்ளே வைத்து மூடுகிறீர்கள். பகலில் தகரக் கூரை சுடும்போது காகிதத்தின் ஈரம் வெளியேறிப் பைக்குள் நிற்கும். இரவில் குளிரும்போது அதே ஈரம் பையின் உட்புறத்தில் வியர்த்து நூலின் மீதே படியும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். நம் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் பல நாட்கள் அது 85க்கும் மேலே நிற்கிறது.

கொழுந்து வாட்டும் மேல்மாடியில் நாங்கள் இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டிருப்போம். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது உலர்ந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துத்தான் கொழுந்து வாடுமா, வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றைச் சூடாக்க வேண்டுமா என்று முடிவெடுப்போம். உலர்ந்தது 20 பாகை காட்டும்போது ஈரமானது 18 காட்டினால், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 82. அதே ஈரக்குமிழ் 15 காட்டினால் ஏறத்தாழ 59. முதல் காற்றில் உங்கள் நாவலை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டாவது காற்றில் அது பல ஆண்டுகள் இருக்கும். உங்கள் அலுமாரிக்குள் இப்போது என்ன காற்று நிற்கிறது என்பதை அளந்து பாருங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய இலத்திரனியல் கருவிகள் கைக்கடிகாரம் அளவிலேயே கிடைக்கின்றன. ஒன்றை நூல்களுக்கு நடுவே வைத்துவிட்டால் போதும்.

அறை முழுவதையும் உலர வைக்க முடியாது. 11 நூல்களுக்கு ஒரு பெட்டியை உலர வைத்தாலே போதுமானது. இறப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத, உணவு வைக்கப் பயன்படும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, அதற்குள் சிலிக்கா ஜெல் நிரப்பிய துணிப்பைகளை வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கிடைக்கும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் சேர்ந்திருப்பதால் செம்மஞ்சள் நிறத்தில் வருவதை வாங்குங்கள். அது பச்சையாக மாறியதும் அடுப்புச் சூட்டில் 120 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்து உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். மிக முக்கியமானது, நூல்களைப் பெட்டியில் இடும் நாள். தையும் மாசியும்தான் ஹட்டன் பக்கத்தில் உலர்ந்த மாதங்கள். ஒரு வாரம் மழை இல்லாத நாளாகப் பார்த்து, நூல்களை நிழலில் லேசாக விரித்து நிறுத்தி, காகிதம் தன் ஈரத்தை விட்ட பிறகே உள்ளே வைத்து மூடுங்கள். அளவு 45க்கும் 55க்கும் இடையில் நிற்கட்டும். 35க்குக் கீழே இறங்க விடாதீர்கள். முதுகில் பசை மட்டுமே ஒட்டிய இந்த நாவல்கள் அதிகம் உலர்ந்தால், திறக்கும்போது பசை உடைந்து தாள் தாளாகக் கழன்றுவிடும்.

பூஞ்சணம் பிடித்த நூலை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. அப்படிச் செய்தால் புள்ளி தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும். முதலில் உலர விட்டு, புள்ளிகள் பொடியாகத் தொடங்கியதும் வாய் மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டி எடுங்கள். வெயிலில் காய வைப்பதும் ஆபத்து. அந்தக் காலத்து அட்டைகளின் சிவப்பும் மஞ்சளும்தான் வெயிலில் முதலில் வெளிறும். இந்த நாவல்களின் அட்டை அழகே அந்த இரண்டு நிறங்களில்தான் இருக்கிறது. புழுவோ வெள்ளிமீன் பூச்சியோ தெரிந்தால் மட்டும், பையில் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காமல் விடுங்கள். உறையவைப்பது பூச்சியைக் கொல்லும். பூஞ்சணத்தைக் கொல்லாது, உறங்க வைக்கும் அவ்வளவுதான்.

பழைய தேயிலைப் பெட்டிகளில் நூல் வைக்கும் பழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. ஈயத்தாள் ஒட்டியிருப்பதால் ஈரம் வராது என்று நம்புவார்கள். ஒட்டுப்பலகையிலிருந்து கசியும் அமிலம் இந்த வகைக் காகிதத்தை மேலும் பழுப்பாக்கும் என்பதால், அந்தப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

பழந்தாள், கண்டி

தம்பி, நான் 30 ஆண்டுகளுக்கு மேலாகத் திரைப்படச் சுவரொட்டிகளைச் சேர்க்கிறவன். மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் ஆரம்பித்த பழக்கம் இது. உங்கள் சுவரொட்டியை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நீங்களே பார்த்துத் தீர்மானிக்கக் கூடிய வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் அளவுகோலை எடுங்கள். 1950களில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்ட ஒற்றைத்தாள் சுவரொட்டியின் அளவு 27 அங்குலம் அகலம், 41 அங்குலம் உயரம். 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் உயரம் 40 அங்குலமாகக் குறைந்தது. காட்சி அட்டை என்றால் 14 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் கொண்ட தடித்த அட்டையாக இருக்க வேண்டும். எட்டு அட்டைகள் ஒரு தொகுதியாக வரும்.

இரண்டாவது, மடிப்பு. அந்தக் காலத்துச் சுவரொட்டிகள் அச்சகத்திலேயே இயந்திரத்தால் மடிக்கப்பட்டுத்தான் திரையரங்குகளுக்குப் போயின. மடிப்பே இல்லாத 1959ஆம் ஆண்டுச் சுவரொட்டி மிக அரிது. கண்டால் சந்தேகம் கொள்ள வேண்டும். மடிப்பு இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தால், விளக்கை அணைத்துவிட்டு ஒரு டோர்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் பிடித்து, மடிப்பின் மீது விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். உண்மையான மடிப்பில் தாள் உடைந்திருக்கும், மையும் உதிர்ந்து வெண்மை தெரியும், விரல் அதில் இடறும். அசல் சுவரொட்டி ஒன்றைப் படம் பிடித்து அச்சிட்ட நகலில் மடிப்பும் படமாகவே பதிந்திருக்கும். விரல் வழவழப்பாகச் சறுக்கிப் போகும்.

மூன்றாவது, உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து திட்டமான ஓரத்தோடு ஒரே மையால் நிறைந்திருக்கும். நகலில் எழுத்தின் ஓரமும் நிறப் புள்ளிகளால் ஆனதாகப் பிசிறு தட்டியிருக்கும். கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கால் சோதிப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த விளக்கில் ஒளிரும், தாளை வெண்மையாக்கும் வேதிப்பொருள் 1950களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டதால், அந்த ஒளிர்வு ஒன்றை மட்டும் வைத்து இந்தச் சுவரொட்டியைத் தீர்ப்பளிக்க முடியாது.

விற்பவர்கள் சொல்லும் கதையிலும் கவனம் வேண்டும். ‘ஓர்ஜி ஒஃப் த டெட்’ படத்தின் சுவரொட்டியை எட் வுட் இயக்கிய படம் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். 1965இல் வந்த அந்தப் படத்தை இயக்கியவர் ஸ்டீபன் அப்போஸ்தலோஃப். எட் வுட் எழுதியது திரைக்கதையும், அடுத்த ஆண்டு வந்த நாவலும்தான். ‘நைட் ஒஃப் த கூல்ஸ்’ படம் எடுத்து முடித்தும், ஃபிலிம் கழுவிய ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கட்டப்படாததால் 1980கள் வரை அங்கேயே முடங்கிக் கிடந்தது. அந்தப் படத்துக்கு 1959ஆம் ஆண்டுத் திரையரங்குச் சுவரொட்டி என்று எவராவது காட்டினால், பணப்பையைத் திறக்க வேண்டாம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. இதில்தான் பலர் ஏமாந்திருக்கிறார்கள். எட் வுட் 1960களின் தொடக்கத்தில் தன் பெயரிலேயே எழுதினார். 1963இல் ‘பிளாக் லேஸ் டிராக்’ என்ற பெயரில் வந்து, பிறகு ‘கில்லர் இன் டிராக்’ என்று பெயர் மாறிய நாவல் அப்படிப்பட்டது. 1960களின் இறுதியிலிருந்து பெண்டுலம் என்ற வெளியீட்டகத்துக்காகவும் அதன் கிளைகளுக்காகவும் சம்பளத்துக்கு எழுதியபோது பல புனைபெயர்கள் வந்தன. இந்த வகை வெளியீட்டகங்களில் ஒரு புனைபெயர் ஓர் எழுத்தாளருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இன்று ஒருவர் எழுதிய பெயரில் நாளை அடுத்த மேசைக்காரர் எழுதுவார். ஆகவே அட்டையில் உள்ள பெயரைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

எழுத்தின் உள்ளே பார்க்க வேண்டும் என்பார்கள். அங்கோரா முயல் உரோமத்தால் பின்னிய மேலாடை மீது அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு பித்து இருந்தது. 1953இல் வந்த முதல் முழுநீளப் படத்திலேயே, கதாநாயகி தன் அங்கோரா மேலாடையைக் கழற்றி, நாயகனாக நடித்த அவரிடமே கொடுக்கும் காட்சி வருகிறது. அந்தச் சொல்லைப் பிரித்து ஆன் கோரா என்று ஒரு புனைபெயரும் வைத்துக்கொண்டார். ஆனால் தம்பி, இது இன்று எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். அங்கோரா என்ற சொல் ஒரு பக்கத்தில் தட்டுப்பட்டாலே எட் வுட் என்று விலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் நம்புவது பட்டியல்களை மட்டுமே. ருடோல்ஃப் கிரே என்பவர், எட் வுட்டோடு பழகியவர்களைத் தேடிச் சென்று பேசி 1992இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் இறுதியில் ஒரு நூற்பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக நூலகமும் இந்த நாவல்களைத் தன் அரிய நூல் தொகுதியில் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் நூற்பட்டியலோடும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் இல்லாத நூலுக்கு எட் வுட்டின் விலை கொடுக்க வேண்டாம். படித்துப் பார்க்க ஆசை என்றால், சாதாரணப் பழைய நாவலின் விலை எவ்வளவோ அவ்வளவு கொடுங்கள்.

கோப்புக்கட்டு, பதுளை

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பெண்டுலம் வெளியிட்டவற்றில் புகைப்படங்கள் நிறைந்த சஞ்சிகைகளும் உண்டு. எட் வுட்டின் சிறுகதைகள் பல அவற்றில்தான் முதலில் வந்தன. அந்தச் சஞ்சிகைகளை வரவழைக்க நினைக்க வேண்டாம். கதைகள்தான் தேவை என்றால், அவற்றில் பல 2014இல் ஒரு தொகுப்பு நூலாக வெளிவந்துவிட்டன. பொதியின் படிவத்தில் பழைய நாவல்கள் என்று உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

ஊவாக்காரி, பண்டாரவளை

ஆசிரியருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். பழந்தாள் ஐயா சொன்ன அடையாளங்கள் அனைத்தும் சரியானவை. ஆனால் அசல் பதிப்பின் பின்னாலேயே ஓடும் போக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. எட் வுட்டின் நாவல்களை எட்டுத் திசையிலும் வாசகர்கள் படிக்க முடிந்தது 1990களின் மறுபதிப்புகளால்தான். 1960களில் எழுதி வைத்திருந்த ‘ஹொலிவூட் ரட் ரேஸ்’ அவர் இறந்து 20 ஆண்டு கழித்து, 1998இல்தான் முதன்முதலாக நூலானது. அதற்கு அந்தக் காலத்துப் பதிப்பு என்ற ஒன்றே கிடையாது. சினிமாவில் சேர ஊரை விட்டு ஓடி வரும் இளம் பெண்களுக்கு, இந்த ஊர் உங்களை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று ஒரு தோற்றுப்போன இயக்குநர் உட்கார்ந்து அறிவுரை சொல்லும் அந்த நூலை, அவருடைய மற்ற எல்லா நூல்களுக்கும் மேலாக நான் நேசிக்கிறேன். அதன் விலை உங்கள் சுவரொட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான் இருக்கும்.

அசலை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் அதற்குரிய பொறுப்பையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்கிறேன். எட் வுட் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவருடைய தாள்களில் பல குப்பைக்குப் போயின. எங்கள் வீட்டிலும் இதே போன்ற ஒரு கதை உண்டு. மலையகத் தோட்ட மக்களின் வாழ்க்கையை வைத்துத் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து 1975இல் வெளிவந்த ‘புதிய காற்று’ படத்தின் துண்டுப் பிரசுரங்களை என் அப்பா ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். குறைந்த பணத்தில், நம் ஆட்களையே வைத்து எடுத்த படம் என்று எங்களுக்கு எடுத்துக் காட்டுவார். 1983 ஆடிக் கலவரத்தில் நாங்கள் வீட்டை விட்டு ஓடியபோது அந்தத் தகரத்தை எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அதே கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவும் எரிக்கப்பட்டது. அந்தத் துண்டுப் பிரசுரத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்று எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. யாராவது ஒரு முறை அதைப் படம் பிடித்து வைத்திருந்தால் போதும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஆகவே, இன்னொரு நூலை வாங்குவதற்கு முன் உங்களிடம் இருப்பவை ஒவ்வொன்றையும் முன்னட்டை, பின்னட்டை, பதிப்பு விவரப் பக்கம் எனப் படம் பிடியுங்கள். எந்த ஆண்டில், யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், விற்றவர் என்ன சொல்லி விற்றார், உங்கள் அக்கா எந்த மாதத்துப் பொதியில் அனுப்பினார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அதன் பிரதி ஒன்றை ரொறன்ரோவுக்கு அனுப்புங்கள். நூலின் மீது பேனாவால் எதுவும் எழுத வேண்டாம்.

ஈரத்தைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசும். மார்கழியில்தான் மழை கொட்டும். உங்களுக்கு நேர்மாறு. தெரிந்தவர் யாராவது பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ இருந்தால், அந்த இரண்டு பழைய நூல்களை மட்டும் மழைக்காலத்தில் அவரிடம் கொடுத்து வைக்கலாம். நான் வைத்துத் தரவும் தயார்.

மூடுபனி வாசகன், ஹட்டன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடந்த இரண்டு வாரங்களில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுவரொட்டியை மேசையில் விரித்து அளந்தேன். உயரம் சரியாக 40 அங்குலம். பழந்தாள் ஐயா சொன்னபடி இரவில் விளக்கை அணைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். நேராகப் பார்த்தால் நான்கு மடிப்புக் கோடுகளும், அவற்றில் மை உதிர்ந்த வெண்மையும் அத்தனை தெளிவாகத் தெரிகின்றன. அவற்றின் மீது விரலை ஓட்டினால் ஒன்றுமே இல்லை. கண்ணாடி மேசையைத் தடவுவது போல இருந்தது. மூன்று ஆண்டுகளாக அந்தச் சுவரொட்டியை வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறேன், ஒரு முறையாவது அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. காட்சி அட்டைகள் இரண்டும் 14க்கு 11 அங்குலம் இருக்கின்றன. எழுத்தின் ஓரங்களும் திட்டமாக இருக்கின்றன. அந்த மட்டில் ஆறுதல்.

புனைபெயர் நாவலை வாங்கவில்லை. நூற்பட்டியலில் அந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டேன், பதில் வரவில்லை.

அலுமாரிக்குள் ஈரப்பதம் 84 காட்டியது. தை மாதம் வரை காத்திருக்க முடியாது என்பதால், ஊவாக்காரி அக்கா, அந்த இரண்டு பழைய நூல்களை உங்களிடமே தர விரும்புகிறேன். ‘டெவில் கேர்ள்ஸ்’ நூலைத் தூரிகையால் தட்டி முடித்துவிட்டேன். முதுகில் மூன்று புள்ளிகள் கறையாக நின்றுவிட்டன. அவற்றையும் படம் பிடித்துக் கொப்பியில் திகதியோடு எழுதியிருக்கிறேன். ஈரக்குமிழ் அண்ணா, ஒரு சந்தேகம்: இரயிலில் கொண்டு வரும்போது பொலித்தீனில் சுற்றலாமா?

ஈரக்குமிழ், தலவாக்கலை

ஒரு நாள் பயணத்துக்குச் சுற்றலாம், மழைத்துளி படுவதை விட அது மேல். முதலில் சுத்தமான வெள்ளைக் கடுதாசியில் சுற்றி, அதன் மேல் பொலித்தீனைச் சுற்றுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம். பண்டாரவளையில் இறங்கியதும் பொலித்தீனை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜன்னல் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள். பட்டிப்பொலையைத் தாண்டும்வரை சாரல் உள்ளே அடிக்கும்.

ஊவாக்காரி, பண்டாரவளை

வாருங்கள் தம்பி. வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வீட்டில் இருப்பேன். அந்தக் காட்சி அட்டைகளையும் கொண்டு வந்தால் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.